நஞ்சியல் அறிஞர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் (1936 - 2002)

சிட்னி நகரிலும் அதைச் சூழ்ந்த கரையோர, மலைப் பகுதிகளிலும் வாழும் ஒரு கரிய சிலந்தி உண்டு. மண்ணில் வளை தோண்டி, அதன் வாயிலில் புனல் போன்ற வலை பின்னி வாழ்வதால் அதற்குப் புனல்வலைச் சிலந்தி என்று பெயர். கோடைகாலத்தில் இணை தேடி வெளியே வரும் ஆண் சிலந்தி வீட்டுக்குள் புகுந்துவிடும். கழற்றி வைத்த சப்பாத்துக்குள்ளும் தரையில் கிடக்கும் துணிகளுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். 1927 முதல் 1980 வரை இதன் கடியால் 13 பேர் இறந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. 1981இல் இதற்கான முறிமருந்து வந்தது. அதன் பிறகு இன்றுவரை ஒரு மரணமும் பதிவாகவில்லை.

13 என்ற எண்ணை அப்படியே நிறுத்திவைத்த முயற்சியின் தலைவர் டாக்டர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட். ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கிட்டே பதவியும் பணமும் வழங்கப்படும் காலம் இது. அந்தக் கணக்கில் அகப்படாமல் போகும் பயன் என்னவென்று அறிய இவருடைய வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது.

மெல்பேர்ண் வந்த வைத்தியர்

சதர்லாண்ட் 1936ஆம் ஆண்டு யூன் மாதம் சிட்னியில் பிறந்தார். வளர்ந்தது விக்ரோரியா மாநிலத்தில், தங்கச் சுரங்கங்களால் பெயர்பெற்ற பெண்டிகோ நகரில். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1960இல் பட்டம் பெற்றார். அவுஸ்திரேலியக் கடற்படையில் சில ஆண்டுகள் வைத்தியராகப் பணியாற்றிய பின், 1966இல் மெல்பேர்ணில் உள்ள பொதுநலவாயச் சீரம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சீ.எஸ்.எல். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த நிறுவனத்தில் 28 ஆண்டுகள் இருந்தார்.

சீ.எஸ்.எல். 1916இல், முதலாம் உலகப்போர்க் காலத்தில், அரசால் தொடங்கப்பட்டது. கப்பல் வழி அடைபட்டால் தடுப்பூசிக்கும் சீரத்துக்கும் பிற நாடுகளை நம்பியிருக்க முடியாது என்பதே அதன் தோற்றத்துக்குக் காரணம். மெல்பேர்ணின் வால்டர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சார்ள்ஸ் கெலவே 1920களின் பிற்பகுதியில் பாம்பு நஞ்சு ஆய்வைத் தொடங்கி வைக்க, 1930இல் புலிப்பாம்புக்கான முறிமருந்து சீ.எஸ்.எல்.லிலிருந்து வெளிவந்தது. 1955இல் தைப்பான் பாம்புக்கும், 1956இல் செம்முதுகுச் சிலந்திக்கும், அதையடுத்துக் கல்மீனுக்கும் மருந்துகள் வந்தன. செம்முதுகுச் சிலந்திக்கும் கல்மீனுக்கும் மருந்து கண்ட சோல் வீனர், புனல்வலைச் சிலந்திக்கும் முயன்றார். அது கைகூடவில்லை. அவர் விட்ட இடத்தில்தான் சதர்லாண்ட் தொடங்கினார்.

மருந்தில்லாத கட்டுரைகள்

முறிமருந்து செய்யும் வழி பழையது. ஒரு விலங்குக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். அதன் இரத்தத்தில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தினால் மருந்து. பெரும்பாலும் குதிரைகளே இதற்குப் பயன்பட்டன. புனல்வலைச் சிலந்தியின் நஞ்சு இந்த எளிய வழிக்கு இடங்கொடுக்கவில்லை.

அந்த நஞ்சின் போக்கே விசித்திரமானது. மனிதரையும் குரங்கையும் அது கொல்லும். முயல், நாய், பூனை போன்றவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆகவே வழக்கமான ஆய்வுக்கூட விலங்குகளில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து சில நாட்களேயான எலிக்குஞ்சுகள் மட்டும் ஓரளவு உதவின. மேலும், பெரும்பாலான சிலந்திகளில் பெண்ணே ஆபத்தானது. இதிலோ ஆண் பன்மடங்கு கொடியது. ஆண் சிலந்தியோ உருவில் சிறியது, அதனிடம் கிடைக்கும் நஞ்சும் மிகக் குறைவு.

கடிபட்டவருக்கு நேர்வது என்ன? நரம்புகளில் சோடியம் அயன்கள் புகும் வாயில்கள் திறந்து மூடிக்கொள்ள வேண்டும். இந்த நஞ்சு அவற்றை முறையாக மூடவிடுவதில்லை. நரம்புகள் ஓயாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. உமிழ்நீரும் கண்ணீரும் வியர்வையும் பெருகும். தசைகள் துடிக்கும். இரத்த அழுத்தம் ஏறும். நுரையீரலில் நீர் சேரும். சிறு பிள்ளைகளுக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

1972இல் சதர்லாண்ட், அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில் இச்சிலந்தி பற்றி மூன்று கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டார். முதலாவது, அதுவரை நடந்த ஆய்வுகளின் தொகுப்பு. இரண்டாவது, பெண் சிலந்தியின் நஞ்சை ஐந்து கூறுகளாகப் பிரித்தது பற்றியது. மூன்றாவது, கடிபட்டவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தது. கட்டுரைப் பட்டியல் என்ற அளவில் அது நல்ல அறுவடை. ஆனால் மருந்து இல்லை. அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகளுக்கு இல்லை. ஓர் ஆய்வாளரின் பெயர் நிலைபெறுவதும் அவர் தேடிய விடை கிடைப்பதும் வேறு வேறு என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

பாம்புக்கடியும் ஒரு பழைய கட்டுரையும்

இதே ஆண்டுகளில் அவர் பாம்புக்கடிக்கான முதலுதவியிலும் கவனம் செலுத்தினார். அவுஸ்திரேலியாவிலும் அன்றைய நடைமுறை நம் ஊர்களில் இருந்தது போலவேதான்: கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது. இவற்றால் கையோ காலோ கெட்டுப்போனவர்கள் உண்டு. நஞ்சு நின்றது என்று நிரூபித்தவர் எவரும் இல்லை.

இங்கே ஒரு பழைய கட்டுரை உதவிக்கு வந்தது. 1941இல் ஒக்ஸ்போர்ட்டில் ஜோன் பான்ஸ், ஜோசப் துருவேற்றா என்ற இருவர் லான்செட் சஞ்சிகையில் எழுதியது அது. துருவேற்றா பார்சலோனாவின் அறுவைச் சிகிச்சை நிபுணர். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் முடிவில் அகதியாக இங்கிலாந்து வந்தவர். புலிப்பாம்பின் நஞ்சு போன்ற பெரிய மூலக்கூறுகள் நேரே இரத்தத்தில் கலப்பதில்லை, நிணநீர் நாளங்கள் வழியாகவே உடலுக்குள் செல்கின்றன, உறுப்பை அசையாமல் வைத்தால் அந்த ஓட்டம் மந்தமாகும் என்று அவர்கள் முயல்களைக் கொண்டு காட்டியிருந்தார்கள். பாம்புக்கடி வைத்தியத்தில் அதைக் கைக்கொள்வார் இல்லாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவு நஞ்சையும் அளக்கும் முறையை 1970களில் சதர்லாண்டின் குழு உருவாக்கியிருந்தது. அதைக் கொண்டு, குரங்குகளின் காலில் நஞ்சை ஏற்றி, பல்வேறு முதலுதவிகளைச் செய்து பார்த்து, இரத்தத்தில் நஞ்சு ஏறுவதை நேரத்துக்கு நேரம் அளந்தார்கள். அழுத்தம் மட்டும் போதாது, அசையாமை மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால் நஞ்சு கடித்த இடத்திலேயே பெருமளவு தங்கிவிடுகிறது என்று தெரிந்தது. கட்டை அவிழ்த்ததும் இரத்தத்தில் நஞ்சு ஏறியது. சுளுக்குக்குக் கட்டும் அகலமான துணியை உறுப்பு முழுவதும் சுற்றி, ஒரு சிம்பு வைத்து, ஆளை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்பதே முடிவு. சதர்லாண்ட், அலன் கூல்ட்டர், ஹரிஸ் ஆகிய மூவரின் பெயரில் 1979 சனவரியில் இது லான்செட்டில் வெளிவந்தது.

பெரிய இயந்திரமோ விலை கூடிய மருந்தோ வேண்டாத கண்டுபிடிப்பு இது. அம்புலன்ஸ் ஊழியரும் பாடசாலை ஆசிரியரும் பண்ணைத் தொழிலாளியும் கற்றுக்கொள்ளக்கூடியது. அழுத்த அசையாமைக் கட்டு என்ற இம்முறையை இன்றும் அவுஸ்திரேலிய உயிர்மீட்பு மன்றம் பாம்புக்கடிக்கும் புனல்வலைச் சிலந்திக் கடிக்கும் முதலுதவியாகப் பரிந்துரைக்கிறது.

முயல்கள் தந்த விடை

1979இன் இறுதியிலும் 1980இன் தொடக்கத்திலும் சிட்னிப் பகுதியில் அடுத்தடுத்து இரு மரணங்கள் நேர்ந்தன. ஒருவர் கர்ப்பிணிப் பெண், மற்றது இரண்டு வயதுக் குழந்தை. நாடு அதிர்ந்தது. மருந்து எங்கே என்ற கேள்வி பத்திரிகைகளில் எழுந்தது.

சதர்லாண்டின் குழு இம்முறை ஆண் சிலந்தியின் நஞ்சை எடுத்துக்கொண்டது. முன்பு பெருந்தடையாக இருந்த இயல்பே இப்போது வழியாயிற்று. முயல் இந்த நஞ்சால் சாவதில்லை. அப்படியானால் அதற்கு நஞ்சைப் பல மாதங்கள் தொடர்ந்து ஏற்றலாம். அவ்வாறு ஏற்றியபோது முயலின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள், குரங்குகளை நஞ்சிலிருந்து மீட்டது. 1980இலேயே இதன் முதல் அறிக்கை அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிட்னியின் றோயல் நோர்த் ஷோர் வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்மருந்து ஏற்றப்பட்டது. அவர் பிழைத்தார். அந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரையும் அவ்வாண்டிலேயே அதே சஞ்சிகையில் வந்தது.

மருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் நஞ்சு தொடர்ந்து வேண்டும். கொஸ்போர்ட் அருகிலுள்ள அவுஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா, பொதுமக்கள் பிடித்துக்கொண்டுவரும் ஆண் சிலந்திகளிடமிருந்து நஞ்சைச் சேகரித்து மெல்பேர்ணுக்கு அனுப்புகிறது. சிட்னியில் ஒரு வீட்டின் பின்வளவில் போத்தலுக்குள் அகப்படும் சிலந்தி, மெல்பேர்ணில் முயலின் குருதி வழியாக மருந்தாகி, மீண்டும் சிட்னியின் வைத்தியசாலைக்கு வருகிறது. பெரும்பாலான இரசிகர்களுக்குக் கிரிக்கெட்டிலும் உதைபந்திலும் போட்டி நகரங்களான இவ்விரண்டுக்கும் இடையே இப்படியும் ஓர் உறவு உண்டு.

மேற்கோள்களின் கணக்கு

இனி, கட்டுரைக் கணக்குக்கு வருவோம். எந்தக் கட்டுரையை எவர் மேற்கோள் காட்டுகிறார் என்று அட்டவணை போடும் முறையை அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் நிறுவினார். நூலகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வழிகாட்டவென்று வந்த அட்டவணை, நாளடைவில் மனிதர்களை எடைபோடும் தராசாயிற்று. ஒருவருடைய மொத்தப் பணியையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கும் எச் சுட்டெண் 2005இல் வந்தது. சதர்லாண்ட் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அத்தராசில் அவரை வைத்தால் சில சிக்கல்கள் எழும். முதலாவது, அவர் எழுதிய இடம். லான்செட் கட்டுரை விதிவிலக்கு. அவருடைய முக்கியமான கட்டுரைகள் பல அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில்தான் வந்தன. உலக அரங்கில் அது நடுத்தரச் சஞ்சிகை. ஆனால் புலிப்பாம்பும் புனல்வலைச் சிலந்தியும் வாழும் நாட்டின் வைத்தியர்கள் வாசிப்பது அதைத்தான். குவீன்ஸ்லாந்தின் ஒரு சிற்றூரில் இரவு இரண்டு மணிக்குக் கடிபட்டவரை எதிர்கொள்ளும் வைத்தியருக்காக அவர் எழுதினார். அந்த வைத்தியர் கட்டுரையை வாசிப்பார், நோயாளியைக் காப்பாற்றுவார், காலையில் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். அவர் பதிலுக்கு ஒரு கட்டுரை எழுதுவதில்லை. எழுதாதவரின் மேற்கோள் எந்த அட்டவணையிலும் ஏறாது.

இரண்டாவது, வெற்றி பெற்ற கருத்தின் விதி. சமூகவியலாளர் றொபர்ட் மேர்ட்டன் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால் அதன் மூலத்தை எவரும் குறிப்பிடுவதில்லை. பாடசாலைச் சுவரொட்டியிலும் முதலுதவிப் பெட்டியின் மூடியிலும் அழுத்தக் கட்டின் படம் இருக்கிறது. அதில் சதர்லாண்டின் பெயர் இல்லை.

மூன்றாவது, நிகழாத மரணத்துக்குக் கட்டுரை இல்லை. ஒருவர் இறந்தால் மருத்துவ அறிக்கை எழுதப்படும். பிழைத்து வீடு சென்றவர்கள் பெருகப் பெருக, அதைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றாது. மருந்து வெல்லும்போது ஆய்வுத்துறையே சுருங்குகிறது.

மேற்கோள்களை அடியோடு பயனற்றவை என்று தள்ளிவிடவும் முடியாது. நம் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: கல்கத்தாவின் சம்புநாத் டே, கொலராக் கிருமி ஒரு நச்சுப்பொருளைச் சுரந்தே நோயை உண்டாக்குகிறது என்று 1959இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். பல ஆண்டுகள் அதைக் கண்டுகொண்டவர் மிகச் சிலர். 1978இல்தான் நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு அவர் அழைக்கப்பட்டார், 1985இல் மறைந்தார். அவர் புறக்கணிக்கப்பட்ட வரலாற்றை மேற்கோள் எண்ணிக்கைகளைக் கொண்டே உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அதே கார்ஃபீல்ட்தான். மேற்கோள் அட்டவணை ஒரு விளக்கு. வெளிச்சம் படாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

இறப்புகளை எண்ணியவர்

சதர்லாண்ட் தம் கட்டுரைகளின் பயனைத் தாமே வேறொரு வழியில் அளந்தார். 1981 முதல் 1991 வரை அவுஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த மூன்றாண்டுகளின் இறப்புகளை ஆராய்ந்து 1995இல் இன்னொன்று. முதலுதவி எங்கே செய்யப்படவில்லை, மருந்து எங்கே தாமதமானது அல்லது போதாமற் போனது என்பதே அவற்றின் தேடல். தம் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்படுவதைவிட, அது ஓர் ஊரில் ஏன் பயன்படாமற் போயிற்று என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

1983இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய பெருநூலான அவுஸ்திரேலிய விலங்கு நஞ்சுகள் என்பதை வெளியிட்டது. உயிரினம், அதன் நஞ்சு, நோயாளியைக் கவனிக்கும் முறை என்ற மூன்றையும் ஒரே கட்டில் தந்த நூல் அது. பொதுமக்களுக்கான சிறு நூல்களும் எழுதினார். மண்ணின்றிப் பயிர் வளர்ப்பது பற்றிய நூலும் அவர் பெயரில் உண்டு.

1994இல் சீ.எஸ்.எல். அரசின் கையிலிருந்து தனியாருக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் அங்கிருந்து வெளியேறி, மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அவுஸ்திரேலிய நஞ்சு ஆய்வுப் பிரிவை நிறுவினார். ஆண்டுக்கு ஒரு சிலரைக் காக்கும் மருந்தில் இலாபம் பெரிதில்லை. மேற்கோள் கணக்கைப் போலவே இலாபக் கணக்கும் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணுவதற்கென்று வகுக்கப்பட்டதல்ல.

நரம்புகளையே ஆராய்ந்தவரை நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் நோயொன்று பற்றிக்கொண்டது. நோயோடு போராடியபடியே 1998இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஜேம்ஸ் டிபல்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து பெருநூலைத் திருத்தி, 2001இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். 2002 சனவரி 11ஆம் நாள் காலமானார்.

நமக்கு உரியது

இக்கட்டுரைகளை நம் தாயகத்துக்குப் பொருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே அது நாகக் குடும்பத்துப் பாம்புகளுக்கானது என்று வரையறை செய்யப்பட்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் விரியன் இனமே இல்லை. தமிழகத்திலும் ஈழத்திலும் உயிர்குடிக்கும் பாம்புகளில் முதன்மையானது கண்ணாடி விரியன். யாழ்ப்பாணத்தில் புடையன் என்பார்கள். அதன் நஞ்சு கடித்த இடத்தின் தசையையே அழிக்கக்கூடியது. நஞ்சை அங்கேயே அடக்கி வைக்கும் கட்டு அத்தகைய கடிக்கு நன்மையா தீமையா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயரில் விரியன் என்றிருக்கும் கட்டுவிரியனோ நாகக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலும், இம்முறை நாகக் கடிக்கேனும் மனிதரிடையே முறையான ஒப்பீட்டுச் சோதனையில் பரிசோதிக்கப்பட்டதில்லை. தலைப்பைப் பார்த்து மேற்கோள் காட்டுவதற்கும் உள்ளே வாசித்துப் பயன்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே உயிர் சம்பந்தப்பட்டது. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது, அசையாமல் வைத்து விரைவில் வைத்தியசாலை சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் எங்கும் இருவேறு கருத்தில்லை.

அவுஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மக்கள்தொகையும் பாம்பினமும் வயல்வேலையும் வைத்தியசாலைக்கான தூரமும் வேறு என்பது உண்மைதான். நம்மிடம் அறிவு இல்லாமலும் இல்லை. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சுதான் இந்திய முறிமருந்துகளுக்கு நெடுங்காலமாக மூலப்பொருள். அந்த இருளர்களின் பெயரும் எந்த மேற்கோள் பட்டியலிலும் முன்னால் நிற்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். சதர்லாண்ட் தன் நாட்டின் இறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி எழுதியது அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு. அந்த எண்ணுகை நம் மாவட்டங்களிலும் அதே பொறுமையோடு நடக்குமானால், அதுவே அவருடைய கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மேற்கோளாக இருக்கும்.